ஆறு வருஷச் சந்தாவும் அந்த ஐந்தாவது எபிசோடும்

குடியாத்தத்து நண்பன் போன வாரம் போன் செய்தான். புது டிவி வாங்கிவிட்டானாம். "மச்சி, சினிமாக்காரங்க கோடிகோடியா கொட்டி வெப் சீரிஸ் எடுக்கறாங்களே, அதெல்லாம் உக்காந்து பாக்கற மாதிரி இருக்கா, இல்ல கிரிக்கெட்டுக்கு மட்டும் ஏதாவது ஒண்ணு போட்டுக்கட்டா?" கடையில் கூட்டம், சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சாயங்காலம் நாற்பது நிமிஷம் பேசியும் ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை அவனுக்குக் கிடைக்கவில்லை. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன், அவன் படித்துக்கொள்ளட்டும்.

எந்த ஆப் எவ்வளவு ரூபாய், எத்தனை போனில் ஓடும், எதில் 4கே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. முதல் சந்தா 2020 ஊரடங்கில் வேலூர் சத்துவாச்சாரியில் கடையைச் சாத்திவிட்டு வீட்டில் முடங்கிக் கிடந்தபோது போட்டது. அன்றிலிருந்து ஏதாவது ஒன்றிரண்டு சந்தா ஓடிக்கொண்டே இருக்கிறது. பார்ப்பது நான், அம்மா, நைட் டியூட்டி இல்லாத நாளில் என் மனைவி. நான் ஆக்‌ஷன் பார்ப்பேன். மனைவி நர்ஸ், ஆஸ்பத்திரி சீன் வந்தால் ஊசி போடும் கையைத்தான் பார்ப்பாள், கதையைப் பார்க்க மாட்டாள். அம்மா எதையும் பார்ப்பார்.

ஆறு வருஷத்தில் எனக்கு இருக்கும் குறை ஒன்றே ஒன்றுதான். ஐந்தாவது எபிசோடு.

பெரிய கம்பெனி எடுத்த தொடர் என்றால் முதல் எபிசோடு பிரமாதமாக இருக்கும். மழை, ட்ரோன், பிணம், ஒரு பெரிய நடிகரின் என்ட்ரி. இரண்டாவதில் சந்தேகப்பட நாலு பேர். மூன்றாவது முடியும்போது நாமே "அடுத்தது போடு" என்போம். நாலில் லேசாக வண்டி திணறும். ஐந்தாவதில் ஹீரோவின் பழைய காதல், ஹீரோவின் அப்பா, ஹீரோவின் அப்பாவுக்கு நடந்த அநியாயம், அப்புறம் யாரோ ஒருவர் ஜன்னல் ஓரமாக நின்று வெளியே பார்ப்பார், பார்த்துக்கொண்டே இருப்பார், பின்னணியில் வயலின். இந்த இடத்தில் நான் தூங்கிவிடுவேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, எண்ணி வைக்கவில்லையே தவிர இது எங்கள் வீட்டில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. சோபாவில் தலை சாய்ந்தால் மனைவி கேட்பாள், "அஞ்சாவதா?"

இதை வெறும் எரிச்சலாக எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் நியாயமாக யோசித்தால் காரணம் தெரிகிறது. தமிழ் சினிமாவில் ஒரு கதாசிரியர் காலம் பூராவும் எழுதிப் பழகியது ஒரே ஒரு இடைவேளை. இரண்டரை மணி நேரம், நடுவில் ஒரு முடிச்சு, பாப்கார்ன், கிளைமாக்ஸ். எட்டு எபிசோடு தொடர் என்றால் முக்கால் மணி வீதம் ஆறு மணி நேரம், கிட்டத்தட்ட இரண்டரைப் படம். அதற்கு ஏழு இடைவேளை வேண்டும். கையில் இருக்கும் ஒரு படக் கதையை மாவில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி ஊற்றி எட்டு தோசை சுட்டால், ஐந்தாவது தோசையில் கல் தெரியத்தான் தெரியும்.

அப்புறம் பணம். படம் எடுக்கும் தயாரிப்பாளருக்கு முதல் மூன்று நாள் வசூல் என்று ஒரு பயம் உண்டு. தியேட்டர், சாட்டிலைட், ஆடியோ, வெளிநாடு என்று நாலு வாசல், எது திறக்கும் எது மூடும் என்று தூக்கம் வராது. வெப் சீரிஸில் பெரும்பாலும் அதை வெளியிடும் ஆப் கம்பெனிதான் செலவைக் கொடுத்து, மேலே ஒரு லாபத்தையும் கொடுத்து, உரிமையை வாங்கி வைத்துக்கொள்கிறது. தொடர் ஊரெல்லாம் பேசப்பட்டாலும் தயாரிப்பாளருக்குக் கூடுதலாக வருவது குறைவு, ஊத்திக்கொண்டாலும் போஸ்டர் ஒட்டியவரிடம் கடன் இல்லை. அப்படி ஒரு ஏற்பாட்டில் காசு எங்கே போகும்? கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குப் போகும். முகத்துக்கு, லொக்கேஷனுக்கு, கேமராவுக்கு. நாலு பேர் ஆறு மாசம் அறைக்குள் உட்கார்ந்து ஐந்தாவது எபிசோடை அடித்து அடித்துத் திருத்துவதற்கு எவ்வளவு போகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை, பார்த்தால் தெரிகிறது.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. ஹாலிவுட்டில் ஜெஃப்ரி காட்ஸன்பெர்க், டிஸ்னியில் ஸ்டூடியோவையே நடத்தியவர், போனில் மட்டும் பார்க்கப் பத்து நிமிஷத் தொடர்கள் என்று குவிபி என்ற ஆப்பை ஆரம்பித்தார். திரட்டிய பணம் 175 கோடி டாலர். 2020 ஏப்ரலில் திறந்து அந்த டிசம்பரிலேயே மூடினார்கள். அதற்கும் முன்னால் 2007இல் ஹாலிவுட்டின் இரண்டு பெரிய தயாரிப்பாளர்கள் குவார்ட்டர்லைஃப் என்று இணையத்துக்கே ஒரு தொடர் எடுத்தார்கள். அடுத்த வருஷம் அதை என்பிசி டிவிக்குக் கொண்டுபோனபோது ஒரே ஒரு எபிசோடோடு நிறுத்திவிட்டார்கள். அதே 2008இல், எழுத்தாளர் வேலைநிறுத்தத்தில் சும்மா இருக்க முடியாமல் இயக்குநர் ஜாஸ் வீடன் சொந்தக் காசில் இரண்டு லட்சம் டாலர் சொச்சத்தில் எடுத்த 'டாக்டர் ஹாரிபில்' என்ற இணையத் தொடர் அடுத்த வருஷம் எம்மி விருது வாங்கியது. இதில் யார் பெரிய பட்ஜெட் என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். இரண்டு மாதம் முன்னால் டிவி போய்விட்டது. மின்சாரம் போய்ப் போய் வந்ததில் போர்டு போச்சு என்றார்கள். ரிப்பேருக்குக் கொடுத்த கடையில் "நாளைக்கு" என்று சொல்லியே பதினெட்டு நாள் ஓட்டினார்கள். அந்தப் பதினெட்டு நாளும் போனில்தான் பார்த்தோம், நானும் அம்மாவும் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு. அதில் ஒரு விஷயம் விளங்கியது. பெரிய தொடர்களில் கொட்டிய காசு ஆறு அங்குலத் திரையில் காணாமல் போய்விடுகிறது. ட்ரோன் ஷாட்டில் மலை ஒரு இஞ்சித் துண்டு மாதிரி இருக்கிறது. மிஞ்சுவது பேச்சும் முகமும் அடுத்து என்ன என்கிற அரிப்பும்தான். 'விலங்கு' (2022, ஏழு எபிசோடு, விமல்) போனிலும் அதே விறுவிறுப்பு. ஒரு போலீஸ் ஸ்டேஷன், ஒரு குழப்பம், அவ்வளவுதான் முதலீடு. 'அயலி' (2023) அதைவிட எளிமை. வயசுக்கு வந்தால் பள்ளிக்கூடம் கிடையாது என்கிற ஊரில், வயசுக்கு வந்ததை மறைத்துப் படிக்கப் போகும் பெண். அதில் ஐந்தாவது எபிசோடில் நான் தூங்கவில்லை. அம்மா அந்தப் பெண் எப்போது மாட்டிக்கொள்வாளோ என்று புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தார். 'ஹார்ட் பீட்' முதல் பாகம் நூறு எபிசோடு, வாராவாரம் வந்தது. நாலு ஆஸ்பத்திரி வராண்டாவில் மொத்தக் கதையும் முடிந்துவிடும். மனைவி ஊசி போடுவதைக் குறை சொல்லிக்கொண்டே நூறையும் பார்த்தாள்.

ஆனால் அம்மா சொன்னதைத்தான் நான் இங்கே முக்கியமாக எழுத வந்தேன். அம்மாவுக்கு ஊர் ஆரணிப் பக்கம். ஒரு நாள் பெரிய தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டார், "இன்னா நைனா இது, மூணு நாளா பாக்கறோம், ஒரு நாளாச்சும் ஒரு கதையாவது முடிஞ்சிதா?" அப்புறம் திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்தைப் பற்றி ஆரம்பித்தார். பதினெட்டு நாள். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி பத்து மணிக்கு மேல் கூத்தைத் தொடங்கிவைக்கும் கோமாளியான கட்டியங்காரன் வந்தால் விடிகிறவரை கூத்து. கதை எல்லோருக்கும் தெரியும், யார் சாவார் யார் ஜெயிப்பார் என்பதில் ஒரு சஸ்பென்ஸும் கிடையாது. இருந்தாலும் பாய் போட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். ஏன் என்றால் ஒவ்வொரு ராத்திரியும் தனியாக ஒரு முழுக் கதை. வில் வளைப்பு ஒரு ராத்திரி, துகிலுரிதல் ஒரு ராத்திரி. அர்ச்சுனன் தபசு அன்றைக்குக் கம்பத்தில் ஏறி உச்சியிலிருந்து பாடுவார், கீழே பெண்கள் அவர் போடும் எலுமிச்சம்பழத்துக்கு மடி விரித்து நிற்பார்கள். கர்ண மோட்சம் மட்டும் பார்த்துவிட்டு மாட்டு வண்டி ஏறிப் போனவருக்கும் வயிறு நிறைந்திருக்கும். பதினெட்டாம் நாள் காலையில் போர்க்களமாகப் பாவிக்கும் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் படுத்திருக்க, திரௌபதி கூந்தல் முடிந்தால்தான் மொத்தமும் முடிகிறது. இந்த ஜில்லாவில் தொடர் எழுதும் வித்தை தெருவில் கிடந்தது, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில். அதில் ஐந்தாம் நாள் என்று தூங்கப் போனவர் யாரும் இல்லை என்கிறார் அம்மா. அவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார், அதையும் எழுதிவிடுகிறேன்.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. டிவி திரும்பி வந்த ராத்திரி முதலில் போட்டது 'சுழல்' முதல் பாகம். 2022 ஜூனில் வந்தது, ஏற்கெனவே பார்த்ததுதான், புஷ்கர், காயத்ரி தம்பதி எழுதியது, எட்டு எபிசோடு, முதல் நாலை பிரம்மாவும் அடுத்த நாலை அனுசரணும் இயக்கினார்கள். கதை மலையூர் ஒன்றில் நடக்கிறது, ஆனால் கதை நெடுக ஓடுவது அங்காளம்மனுக்கு எடுக்கும் மயானக் கொள்ளைத் திருவிழா. வேலூர்க்காரனிடம் மயானக் கொள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா! சிவராத்திரி முடிந்து மாசி அமாவாசைக்குப் பாலாற்று மணலில் கால் வைக்க இடம் இருக்காது. காளி வேஷம், குறத்தி வேஷம், சுண்டலும் காசும் கூட்டத்துக்கு நடுவே பறக்கும். தோட்டப்பாளையத்திலிருந்து அங்காளம்மன் வருவதைப் பார்க்கச் சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்திருக்கிறேன். அதை யாரோ செலவு செய்து, ஆள் சேர்த்து, வேஷம் கட்டி, பறை முழங்க எடுத்து, அது 30க்கும் மேற்பட்ட மொழிகளில் போயிருக்கிறது. எங்கள் ஊரில் ஆற்று மணல், அவர்கள் மலைச் சரிவில் எடுத்திருக்கிறார்கள், அது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். ஆனாலும் அந்தக் கூட்டத்தைச் சின்ன பட்ஜெட்டில் எடுக்க முடியாது. போனில் பார்த்திருந்தால் எறும்புக் கூட்டம். 43 அங்குலத்தில் அம்மா எழுந்து நின்றுவிட்டார், நிஜமாகவே எழுந்து நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதாவது பெரிய பணம் தோற்கத்தான் வேண்டும் என்று இல்லை. திருவிழாவைக் கதையோடு கட்டிப்போட்டார்கள், ஒவ்வொரு எபிசோடுக்கும் சடங்கில் ஒரு படி நகர்கிறது, அதனால் செலவு வெறும் அலங்காரமாக நிற்கவில்லை. அந்த ஒரு ராத்திரிக்காக மற்ற எல்லாவற்றையும் மன்னிக்கலாம் போல இருந்தது. ஐந்தாவது எபிசோடில் தூங்கினேனா என்று கேட்காதீர்கள். கடையில் அன்றைக்கு லோடு இறக்கியிருந்தேன், களைப்பு.

குடியாத்தத்தானுக்கு என் பதில்: வருஷச் சந்தா போடாதே. ஒரு மாசத்துக்குப் போடு, 'விலங்கு', 'அயலி' ரெண்டையும் பாரு, காசு முடிஞ்சதும் நிறுத்திடு. பெரிய பேனர், பெரிய ஹீரோ, பெரிய போஸ்டர் என்று வந்தால் மூன்றாவது எபிசோடோடு எழுந்துவிடு, கடைசி எபிசோடின் கடைசிப் பத்து நிமிஷத்தைப் போட்டுப் பார், ஒன்றும் விட்டுப்போயிருக்காது.

நான் நேற்று வருஷத்துக்குக் கட்டிவிட்டேன். 'சுழல்' இரண்டாம் பாகம் 2025 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது, அம்மா இன்னும் பார்க்கவில்லை, அதிலும் காளி வருகிறாள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இன்றைக்குச் சாயங்காலம் ஆரம்பிக்க வேண்டும். டிவியில் வலது ஓரமாகப் பச்சையாக ஒரு கோடு விழுந்திருக்கிறது, ரிப்பேர் கடைக்காரர் நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார்.