வருமான வரி நோட்டீஸுக்கு வக்கீல் தேடுகிறீர்களா? எங்கள் ரூ.85,000 எப்படிப் போனது என்று படித்துவிட்டுப் போங்கள்

நேற்று ராத்திரிதான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. இன்னும் தூங்கவில்லை. கோபம் ஆறிய பிறகு எழுதினால் பாதியை விட்டுவிடுவேன், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். வரி விவகாரத்தில் இருபது வருஷ அனுபவம் உள்ள வக்கீல் என்று நம்பி ஒருவரிடம் ரூ.85,000 கொடுத்தோம். அவர் எங்களுக்காக ஒரு வரி பதில்கூடத் தாக்கல் செய்யவில்லை. எழுபதைத் தாண்டிய என் அம்மாவின் பெயரில் இருபது லட்சத்துக்கு மேல் பாக்கி என்று உத்தரவு வந்திருக்கிறது. அது வந்ததே எங்களுக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். அப்பா போன பிறகு அம்பத்தூர் வீட்டை அம்மா 58 லட்சத்துக்கு விற்று, அந்தப் பணத்தில் கூடுவாஞ்சேரியில் ஒரு ஃப்ளாட் வாங்கினார். அம்பத்தூர் வீட்டை வாங்கியவர் சட்டப்படி விலையில் ஒரு சதவீதம், அதாவது ரூ.58,000, டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்துக் கட்டினார். அது அம்மா பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் என்ற கணக்குத் தாளில் ஏறிவிட்டது. அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் மட்டும்தான் வருமானம். வீட்டை விற்று வீடு வாங்கினால் வரி இல்லை, ரிட்டர்னும் வேண்டாம் என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள். 1961 வருமான வரிச் சட்டத்தின் 54-ஆவது பிரிவில் அந்த விலக்கு இருப்பது உண்மைதான், ஆனால் அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். விற்பனை தெரிகிறது, ரிட்டர்ன் இல்லை என்றதும், கேஸை ஏன் மறுபடி திறக்கக் கூடாது என்று கேட்கும் 148ஏ நோட்டீஸ் வந்தது. காகிதங்களை வைத்து ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டிய கேஸ். சொல்லவும் முடிந்திருக்கும். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

வக்கீல்களைத் தேடிக் கொடுக்கும் இணையதளம் ஒன்றில்தான் இந்த ஆள் கிடைத்தார். நட்சத்திரம், 'வெரிஃபைடு' முத்திரை, முதல் ஆலோசனை இலவசம் என்று எல்லாம் போட்டிருந்தது. பெயரை எழுதப் போவதில்லை, புகார் கொடுக்க வேண்டியிருக்கிறது. வக்கீல்கள் விளம்பரம் செய்யவே கூடாது என்பது, அவர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் பார் கவுன்சிலின் விதி. இந்த மாதிரி தளங்களில் வக்கீல்கள் விளம்பரம் கொடுப்பதற்கு எதிராக சென்னை உயர் நீதிமன்றமே 2024 ஜூலையில் கடுமையாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நேற்று ராத்திரி உட்கார்ந்து தேடியபோதுதான் இதெல்லாம் கண்ணில் பட்டது.

முதல் சந்திப்புக்கு நாங்கள் வெறுங்கையோடு போகவில்லை. அம்பத்தூர் வீட்டின் தாய்ப் பத்திரம், விற்ற பத்திரம், ஃப்ளாட் பத்திரம், வாரிசுச் சான்றிதழ், அந்த இரண்டு வருஷத்துக்கான பாஸ்புக் பக்கங்கள், 26ஏஎஸ், வருஷத்தின் பணப் பரிவர்த்தனைகளைக் காட்டும் ஏஐஎஸ் எல்லாம் தேதி வாரியாக ஒரு ஃபைலில். மேலே ஒரு தாளில் எந்தப் பணம் எந்தத் தேதியில் எங்கே போனது என்று அம்மாவே கையால் எழுதி, பச்சை டேக் போட்டு இரட்டை முடிச்சு போட்டார். ஸ்கூல் டீச்சராக இருந்தவர், அவருடைய ஃபைல் எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

நுங்கம்பாக்கத்தில் ஏசி ஆபீஸ். அலமாரி நிறைய சட்டப் புத்தகங்கள். அந்த மனிதர் நோட்டீஸை வாங்கியதும் முதலில் மேலே இருந்த டிஐஎன் எண்ணை (ஒவ்வொரு கடிதத்துக்கும் டிபார்ட்மென்ட் தரும் தனி அடையாள எண்) பென்சிலால் வட்டமிட்டார். "2019 அக்டோபருக்கு அப்புறம் இந்த நம்பர் இல்லாம டிபார்ட்மென்ட்ல இருந்து எந்த லெட்டரும் வரக் கூடாது, இதான் நான் முதல்ல பார்ப்பேன்" என்றார். அது சரியான தகவல். அப்புறம் 54-ஆவது பிரிவு, விற்ற பிறகு புது வீடு வாங்க இரண்டு வருஷக் கெடு, 2001-ஆம் வருஷ மதிப்பை வைத்து லாபம் கணக்குப் போடுவது என்று வரிசையாகச் சொன்னார். எல்லாமே சரிதான். அம்மா பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க நிம்மதியாத் தூங்குங்க, இது என் பொறுப்பு" என்றார். நோட்டீஸ் வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடாத அம்மா, அன்றைக்கு வெளியே வந்ததும் காபி கேட்டார். அந்த நிமிஷம் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

ஃபீஸ் ரூ.85,000, மொத்தமும் முன்பணம். "டைம் கம்மியா இருக்கு மேடம், இன்னிக்கே டிராஃப்ட் ஆரம்பிக்கணும்" என்றார். பணம் போனது ஆபீஸ் கணக்குக்கு இல்லை, ஒரு தனி ஆளின் பெயருக்கு. அக்கவுன்டன்ட் கணக்கு என்றார்கள், ரசீது மெயிலில் வரும் என்றார்கள். வரவே இல்லை. வரி குறைந்தால் அதில் பத்து சதவீதம் பிறகு தரணும் என்றும் பேசினார். முடிவைப் பொறுத்து வக்கீல் ஃபீஸ் பேசுவதும் பார் கவுன்சில் விதிப்படி தப்பு. வக்காலத்து, அதிகாரக் கடிதம் எதிலும் அம்மாவிடம் கையெழுத்து வாங்கவில்லை. வருமான வரி போர்ட்டலின் பாஸ்வேர்டை மட்டும் வாங்கிக்கொண்டார். "ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கம்மா" என்றார், அம்மா சொன்னார். எதற்கு அந்த ஓடிபி என்று நேற்றுதான் தெரிந்தது. போர்ட்டலில் அம்மாவின் மொபைல் எண்ணும் மெயிலும் மாறியிருக்கின்றன. டிபார்ட்மென்ட் அதற்குப் பிறகு அனுப்பியதெல்லாம் அந்த மெயிலுக்குத்தான் போயிருக்கிறது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. "சார் ஹியரிங்ல இருக்காரு மேடம்." "சார் டெல்லி போயிருக்காரு." "ஃபேஸ்லெஸ்ல எல்லாம் லேட்டாத்தான் ஆகும், உங்களுக்கு மட்டும் இல்ல." ஒருநாள் அவரே எடுத்தார். "ஆயக்கர் பவன்ல ஆபீசரைப் பார்த்துப் பேசிட்டேன், கேஸ் நம்ம பக்கம்தான்" என்றார். ஆளை நேரில் பார்க்காமல் இணையத்திலேயே விசாரிக்கும் இந்த ஃபேஸ்லெஸ் முறையில் யார் விசாரிக்கிறார், எந்த ஊரில் இருக்கிறார் என்பதே வெளியே தெரியாது. நேரில் பேச வேண்டும் என்றால்கூட வீடியோவில்தான். அவர் யாரைப் பார்த்தார், என்ன பேசினார்? தாக்கல் செய்த பதிலின் நகலைக் கேட்டேன். "அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல் மேடம்" என்றார். என் அம்மாவின் கேஸில் என் அம்மாவுக்கே என்ன ரகசியம்?

சந்தேகம் வந்து நேரில் போய் ஃபைலைத் திருப்பிக் கேட்டோம். ரிசப்ஷனில் இருந்த பெண் உள்ளேயிருந்து எடுத்து வந்து கொடுத்தார். பச்சை டேக்கில் அம்மா போட்ட இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது. முதல் நாள் அந்த மேஜையிலேயே அம்மா திரும்பக் கட்டிக் கொடுத்த ஃபைல், அதற்குப் பிறகு யாரும் அவிழ்க்கவே இல்லை. அம்மா ஒன்றும் பேசவில்லை, முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டு ஃபைலைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நேற்று ராத்திரி அம்மாவின் ஆதார் ஓடிபியை வைத்துப் புது பாஸ்வேர்டு போட்டு போர்ட்டலுக்குள் போனேன். இ-ப்ரொசீடிங்ஸ் பகுதியில் நோட்டீஸ் மேல் நோட்டீஸ், ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. கடைசியில் 144-ஆவது பிரிவில் உத்தரவு. பதிலே வராததால் கையிலிருக்கும் தகவலை வைத்து 58 லட்சம் முழுவதையும் லாபமாக எடுத்து வரியும் வட்டியும் போட்டிருக்கிறார்கள். ஃப்ளாட் வாங்கியது எங்கேயும் இல்லை. இதற்கா ரூ.85,000?

இன்று காலை அந்த இணையதளத்தைக் கூப்பிட்டேன். "நாங்க கனெக்ட் பண்ணிவிடறதோட சரி மேடம், அதுக்கப்புறம் உங்களுக்கும் அவருக்கும்தான்." 'வெரிஃபைடு' என்று போட்டிருந்தீர்களே, எதை வெரிஃபை செய்தீர்கள் என்று கேட்டேன். "மொபைல் நம்பர் மேடம்." அவ்வளவுதான், லைன் கட். அந்த மனிதரின் வக்கீல் பதிவு எண்ணைக் கேட்டால் அதுவும் அவர்களிடம் இல்லை. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று தெரிந்த ஒருவரிடம் கேட்டால், வக்கீலின் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்கிறார். நிஜமாகவே வக்கீலாக இருந்தால் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் பார் கவுன்சிலில் புகார். வக்கீலே இல்லை என்றால் நேராகப் போலீஸ். இரண்டில் எது என்பதே இன்னும் எங்களுக்குத் தெரியவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். நேரம் இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். உட்கார்ந்ததும் பதிவு எண்ணையும் வருஷத்தையும் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பாஸ்வேர்டும் ஓடிபியும் யாருக்கும் வேண்டாம், பிரதிநிதியைச் சேர்க்கும் வசதி இ-ப்ரொசீடிங்ஸிலேயே இருக்கிறது. பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள், ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். பதில் தாக்கல் செய்தால் போர்ட்டலில் ஒப்புகை வரும், அதைக் கண்ணால் பாருங்கள். அசல் பத்திரத்தைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. 'எனக்கு ஆபீசரைத் தெரியும்' என்று பேச்சு வந்தால் அந்த இடமே வேண்டாம். வயதான அப்பா அம்மா பேரில் நோட்டீஸ் வந்திருந்தால் வாரம் ஒருமுறை நீங்களே போர்ட்டலைத் திறந்து பாருங்கள்.

மயிலாப்பூரில் ஒரு பழைய ஆடிட்டரைப் பார்த்திருக்கிறோம். அப்பீலுக்கு 30 நாள் கெடு, அது எப்போதோ தாண்டிவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனுவோடு படிவம் 35 போடலாம் என்கிறார். அப்பீல் கட்டணம் ஆயிரம் ரூபாய்தான். ரூ.85,000 வாங்கியவர் இதைக்கூடச் செய்யவில்லை. தாமதத்துக்குக் காரணம் காட்ட அந்த ஆளோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் பிரின்ட் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார், அதைத்தான் இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி நுங்கம்பாக்கம் பக்கம் பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.