கிரால் ஸ்பேஸை மூடி ஆறு கோடை ஆயிற்று

முதலில் காட்டிக்கொடுத்தது அப்பளம்தான். 2018 ஜூலையில் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். காலையில் பொரித்து டப்பாவில் போட்ட அப்பளம் மதியச் சாப்பாட்டுக்குள் நமத்துப் போனது. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஏசி ஓடுகிறது. "என்னடா இது, ஐப்பசி அடைமழை மாதிரில்லா வீடு பூரா ஈர வாடை அடிக்கு" என்றார். ஒரு வருடமாக அதே வீட்டில் இருந்த எங்கள் மூக்குக்கு அது பழகிப்போயிருந்தது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. அலமாரிக்கு அடியில் கிடந்த தோல் செருப்பில் வெள்ளையாகப் பூஞ்சை. ஹாலில் ஓக் மரத்தளத்தின் ஒவ்வொரு பலகையும் இரண்டு ஓரமும் எழும்பி நடுவில் குழிந்திருந்தது. வெறுங்காலில் நடந்தால் ஓட்டு வீட்டுக் கூரை மேல் நடப்பது போல இருக்கும்.

எங்கள் வீடு வட கரோலினாவில், ராலேக்குப் பக்கத்தில் கேரியில் இருக்கிறது. 1994இல் கட்டியது. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பல நேராகத் தரைமேல் உட்காருவதில்லை. சுற்றிலும் செங்கல் அல்லது கான்கிரீட் கட்டைச் சுவர் எழுப்பி, உள்ளே அங்கங்கே தூண் வைத்து, அதன்மேல் மர உத்தரங்களைப் பரப்பி வீட்டைக் கட்டுவார்கள். மரத்தளத்துக்கும் மண்ணுக்கும் நடுவே மூன்று நான்கு அடி இடைவெளி. தவழ்ந்துதான் போக முடியும் என்பதால் கிரால் ஸ்பேஸ். தண்ணீர்க் குழாய், ஏசி குழாய் எல்லாம் அங்கேதான் ஓடும். வீடு வாங்கும்போது ஆய்வாளர் உள்ளே போய் எடுத்த படங்களை அறிக்கையில் பார்த்தேன், புரியாமலே தலையாட்டினேன். நானே உள்ளே போனது அம்மா சொன்ன பிறகுதான்.

டார்ச்சோடு தவழ்ந்து போனால் பத்தடிக்குள் சட்டை நனைந்துவிட்டது. உத்தரங்களுக்கு நடுவே செருகியிருந்த கண்ணாடிப் பஞ்சு ஈரத்தில் கனத்து, கிழிந்த மெத்தை போலத் தொங்கியது. ஏசி குழாயின் வெளிப்பக்கம் ஐஸ் தண்ணீர் வைத்த டம்ளர் மாதிரி வியர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது. கேமல் கிரிக்கெட் என்கிற கூன் முதுகுப் பூச்சிகள் கூட்டமாகச் சுவரில் ஒட்டியிருந்தன. வெளிச்சம் பட்டதும் ஓடாமல் நம்மை நோக்கியே தாவும். பின்பு வாங்கிய ஈரமானியைக் குத்திப் பார்த்ததில் உத்தரத்தில் 19 முதல் 21 சதவீதம் காட்டியது. 20ஐத் தாண்டினால் மரம் உளுத்துப்போகும் கட்டம் ஆரம்பம். காற்றில் ஈரப்பதம் 84 சதவீதம்.

எனக்கு முதலில் தோன்றியது, காற்றோட்டம் போதவில்லை என்பதுதான். நம் ஊர்ப் புத்தி அப்படித்தான் வேலை செய்யும். ஈரமா, கதவைத் திற, காற்று பட்டால் காய்ந்துவிடும். சுவரைச் சுற்றிப் பதினான்கு காற்றுத் துவாரங்கள் இருந்தன. அங்கே ஒரு மின்விசிறியும் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து வைத்தேன். இரண்டு வாரத்தில் ஈரம் கூடியதே தவிரக் குறையவில்லை.

காரணம் எளிய பௌதிகம். இங்கே ஜூலையில் வெளியே 90 டிகிரி ஃபாரன்ஹீட்டும் (32 செல்சியஸ்) 60 சதவீத ஈரப்பதமும் சர்வ சாதாரணம். அந்தக் காற்று சுமார் 74 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனியாக இறங்கத் தொடங்கும். வீட்டுக்கு அடியிலோ மண்ணும் ஏசி குழாயும் சேர்ந்து 70 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கின்றன. ஆக, ஈரத்தை வெளியேற்றும் என்று வைத்த துவாரங்கள் வழியாகத்தான் ஈரமே உள்ளே வருகிறது. நான் மின்விசிறி வைத்து அதற்கு வரவேற்பு கொடுத்துக்கொண்டிருந்தேன். 150 சதுர அடித் தரைக்கு ஒரு சதுர அடி துவாரம் என்று கட்டட விதியே பல காலம் சொல்லிவந்தது. பல வீடுகளில் அந்தத் துவாரங்கள் இன்னும் திறந்தே கிடக்கின்றன.

இதைச் சோதித்துப் பார்த்ததும் இதே மாநிலத்தில்தான். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் உருவாக்கிய பிரின்ஸ்வில் என்ற சிற்றூர் 1999இல் ஃப்ளாயிட் சூறாவளியில் மூழ்கியது. அங்கே பின்னர் 12 வீடுகளை எடுத்து, சிலவற்றில் துவாரங்களைத் திறந்தும் சிலவற்றில் மூடியும் வைத்து, ராலேயிலுள்ள அட்வான்ஸ்டு எனர்ஜி என்ற அமைப்பு அளந்து பார்த்தது. மூடிய வீடுகளின் அடிப்பகுதி காய்ந்திருந்தது. குளிர்விக்கவும் சூடாக்கவும் ஆன செலவும் சராசரியாக 15 சதவீத அளவுக்குக் குறைந்தது. அதைப் படித்த பிறகுதான் பணத்தை இறக்கத் துணிந்தேன்.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். 5,200, 8,600, 14,000 டாலர். ஒரே வேலைக்கு இவ்வளவு வித்தியாசமா என்று பார்த்தால், ஒருவர் சொன்ன வேலையை இன்னொருவர் சொல்லவே இல்லை. முதல் ஆள் ஈரம் உறிஞ்சும் எந்திரம், அதாவது டீஹியூமிடிஃபையர், வேண்டாம் என்றார். மூன்றாவது ஆள் பூஞ்சையின் படங்களைக் காட்டிக் குழந்தைகளின் நுரையீரல் பற்றிப் பேசினார். அவரை அப்போதே அனுப்பிவிட்டேன். நடுவில் இருந்தவர் மட்டும் உள்ளே போவதற்கு முன் வீட்டைச் சுற்றி நடந்தார். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்கள் இரண்டு சுவரடியிலேயே கொட்டுவதைக் காட்டி, "இதைச் சரிசெய்யாமல் நான் பிளாஸ்டிக் விரிக்க மாட்டேன்" என்றார். வேலையை அவருக்கே கொடுத்தேன்.

இந்தப் பகுதியின் செம்மண் தண்ணீரைச் சட்டென்று குடிக்காது, தேக்கிவைக்கும். அதனால் முதலில் அந்தக் குழாய்களைப் பத்தடி தள்ளி நீட்டினோம். பின்பக்கம் வீட்டை நோக்கிச் சரிந்திருந்த மண்ணை வெளிப்பக்கமாகச் சரித்தோம். அந்த வார இறுதி வேலையும் சில நூறு டாலரும்தான் மொத்தச் செலவில் அதிகப் பலன் தந்த பகுதி என்று இப்போது நினைக்கிறேன்.

2019 ஏப்ரலில் மூன்று நாளில் உள்வேலை முடிந்தது. பழைய பஞ்சை எடுத்தார்கள், உத்தரத்தில் பூஞ்சையைத் துடைத்தார்கள், துவாரங்களை அடைத்தார்கள். மண் முழுவதும் 20 மில் தடிமன் உள்ள பாலித்தீன் விரிப்பு. மில் என்றால் மில்லிமீட்டர் இல்லை, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 20 மில் என்பது அரை மில்லிமீட்டர்தான். விற்பவர்கள் அந்த எண்ணைப் பெரிதாகச் சொல்வார்கள், மயங்க வேண்டாம். 12 மில்லே போதும் என்பது என் இப்போதைய கருத்து. ஒட்டு சரியாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். விரிப்பைச் சுவர்மேல் ஏற்றி ஒட்டும்போது மேலே மூன்று அங்குலம் வெறுமையாக விட்டார்கள். கரையான் ஏறினால் தெரிய வேண்டும் என்பதற்காக இங்குள்ள விதி அது. அந்த இடைவெளி இல்லாமல் யாராவது முழுக்க மூடித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பலன்? அந்த ஆகஸ்டிலேயே ஈரப்பதம் 52 சதவீதத்துக்கு வந்தது. உத்தரம் காய ஒரு வருடம் பிடித்தது, 2020இல் 11 சதவீதம். வாடை மூன்றே வாரத்தில் போயிற்று. குளிர்காலத்தில் காலையில் எழுந்து சமையலறைக்கு வெறுங்காலில் போக முடிகிறது, இது நான் எதிர்பார்க்காத சுகம். பலகைகளின் குழிவு மெல்லத் தணிந்தது. ஆனால் முதல் குளிர்காலத்தில் மரம் சுருங்கி, பலகைகளுக்கு நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடுக்கு விட்டது. இதை எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பூச்சிகள் பெரும்பாலும் ஒழிந்தன. சிலந்தி மட்டும் போகவில்லை.

மின்கட்டணம் 15 சதவீதமெல்லாம் குறையவில்லை. பிரின்ஸ்வில்லில் ஈரம் உறிஞ்சத் தனி எந்திரம் வைக்கவில்லை, ஏசி குழாயிலிருந்து சிறிது காற்றைத் திறந்துவிட்டார்கள். எங்களுடைய எந்திரம் ஓடும்போது 580 வாட் இழுக்கிறது. ஜூலையில் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் பதினேழு டாலர் அதற்கே போகிறது. மிச்சப்பட்டதில் பாதியை அது தின்றுவிடுகிறது.

இனி தொல்லைகள். நான்காம் வருடம் ஃப்ரிட்ஜின் ஐஸ் எந்திரத்துக்குப் போகும் மெல்லிய குழாய் கசிந்தது. முன்பு என்றால் மண் மெல்லக் குடித்திருக்கும். இப்போது கீழே பிளாஸ்டிக், அது குளம் கட்டிவிட்டது. காற்றின் ஈரப்பதம் எண்பதைத் தொட்டதைப் பார்த்து எந்திரம் பழுது என்று நினைத்து இரண்டு நாள் அதையே நோண்டினேன். தவழ்ந்து போய்ப் பார்த்தால் முழங்கால் நனைந்தது. பத்து டாலருக்கு விற்கும் தண்ணீர் அலாரம் இரண்டு வாங்கிப் பள்ளமான மூலைகளில் போட்டேன். முதல் நாளே போட்டிருக்க வேண்டும்.

அடுத்த கோடையில் எந்திரமே நின்றது. கம்ப்ரெசர் போச்சு. "வாழ்நாள் உத்தரவாதம்" விரிப்புக்கு மட்டுமாம், அதுவும் வருடாவருடம் அவர்களிடமே காசு கொடுத்துப் பராமரிப்பு வாங்கியிருந்தால்தானாம். ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது, கையெழுத்தும் என்னுடையதுதான். புதிதாக ஒன்று வாங்கி நானே மாட்டினேன், 1,300 டாலர். எந்திரம் இல்லாத ஐந்து நாளில் ஈரப்பதம் 72 ஆயிற்று. விரிப்பு மட்டும் போதும் என்று சொன்ன முதல் ஆளுக்கு என் வீட்டைப் பொறுத்தவரை அதுவே பதில்.

2024 ஆகஸ்டில் டெபி புயல் மழை நாள் கணக்கில் கொட்டியது. விரிப்பின் மேலே ஒரு சொட்டு இல்லை. அடியில் மட்டும் ஒரு தூணருகே பிளாஸ்டிக் உப்பி, மறுவாரம் தானாக அமுங்கியது. அந்த ஒட்டு இப்போது லேசாகப் பிரிகிறது.

ராடான் பற்றியும் சொல்ல வேண்டும். மண்ணிலிருந்து வரும் அந்தக் கதிரியக்க வாயுவின் அளவு, அடிப்பகுதியை மூடிய பின் மாறலாம். லிட்டருக்கு 4 பிகோகியூரி வந்தால் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. மூடுவதற்கு முன் எங்களுக்கு 1.8, பின்பு 2.1. சோதனைப் பெட்டி மலிவு, முன்னும் பின்னும் செய்துவிடுங்கள். கீழே திறந்த சுடருள்ள கேஸ் ஹீட்டர் இருந்தால் மூடுவதற்கு முன் அதற்கு வழி பாருங்கள், அது எரிய வெளிக்காற்று வேண்டும்.

எங்கள் தெருவிலேயே இரண்டு நண்பர்கள் செய்யலாமா என்று கேட்டார்கள். ஒருவர் வீட்டில் பெருமழைக்கு மறுநாள் சேர்ந்து உள்ளே போனோம். மண்ணில் தண்ணீர் ஓடிய தடம் தெரிந்தது. அவரை முதலில் கூரைக் குழாயை நீட்டச் சொல்லி, ஒரு கோடை பொறுக்கச் சொன்னேன். அடுத்த ஜூலையில் ஈரப்பதம் 78 காட்டியது. இப்போது விலை கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்னொருவருக்குக் குழாய் வேலையோடு 60க்குள் நின்றுவிட்டது. அவர் அந்தக் காசில் சமையலறையை மாற்றுகிறார்.

நான் வருடம் இரண்டு தடவை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், வடிகட்டி மாற்றக் கீழே போகிறேன். இந்த ஏப்ரலில் அந்தத் தூணடி ஒட்டையும் பிரித்து ஒட்ட வேண்டும். நாடா வாங்கி வைத்தாயிற்று.