பெருங்குடல் சி.டி. ஸ்கேன்: பேதி மருந்து குடித்தா, குடிக்காமலா?

மலத்தில் ரத்தம், காரணம் தெரியாத எடைக்குறைவு, ரத்த சொந்தத்தில் குடல் புற்றுநோய் என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் டாக்டரைப் பார்த்து நேராகக் கொலோனோஸ்கோப்பிக்கு (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) போய்விடுங்கள். இந்த அலசல், தொந்தரவு எதுவும் இல்லாமல் வயதுக்காகப் பரிசோதனை செய்துகொள்கிறவர்களுக்கு.

ஸ்கேனுக்கு முன் குடலைக் காலி செய்யும் பேதி முறை தெரிந்ததுதான். பெக் (PEG) என்ற பேதி பவுடரை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, 10-15 நிமிடத்துக்கு ஒரு டம்ளராகக் குடிக்க வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் நாலைந்து குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ் இருக்கும் வீடுகளில் அந்த ராத்திரியை யோசித்துப் பாருங்கள். மூட்டுவலிக்காரர்களிலும் இன்சுலின் போடுகிறவர்களிலும் சிலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அப்போது குடலில் கலங்கல் தண்ணீர் தேங்கி, பாலிப் (குடல் சுவரில் வளரும் சதைக்கட்டி) அதற்குள் மறைந்துவிடும்.

அதனால் இப்படிப்பட்டவர்களுக்கு நான் பேதி இல்லாத முறையைத்தான் சொல்வேன். இதில் மலத்தை வெளியேற்றுவதில்லை, அதற்கு நிறம் ஏற்றுகிறார்கள். சாப்பாட்டோடு குடிக்கும் அயோடின் அல்லது பேரியம் மருந்து மலத்தோடு கலந்து, ஸ்கேனில் அதை வெள்ளையாகக் காட்டும். பாலிப் சதை என்பதால் சாம்பல் நிறத்திலேயே நிற்கும். வெள்ளையை மட்டும் சாஃப்ட்வேர் அழித்துவிடும்.

இந்த முறை தேறுவதும் தவறுவதும் அந்த மருந்தை வேளை தவறாமல் குடிப்பதில்தான் இருக்கிறது. முதல் நாள் வேளைகளை விட்டால் மலக்குடல் பக்கத்து மலம் நிறமேறாது. கடைசி வேளையை விட்டால் வலப்பக்கக் குடல் தப்பிவிடும். நிறமேறாத மலம் பாலிப் போலவே சாம்பலாகத் தெரியும். மல்லாந்தும் குப்புறவும் இரண்டு முறை ஸ்கேன் எடுப்பது, எது நகர்கிறது, எது ஒட்டியே நிற்கிறது என்று பார்க்கவும்தான். ஆனால் குடல் சுவரில் ஒட்டிய மலம் நகராது. மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு மலம் நகரவே நாளாகும் என்பதால், அதை சென்டரில் முன்பே சொல்லிவிட வேண்டும். மருந்தின் அளவு சென்டருக்கு சென்டர் மாறும், அவர்கள் தரும் சீட்டுதான் கணக்கு.

சாப்பாடு பெரும்பாலும் இரண்டு நாள் நார் குறைவாக இருக்க வேண்டும். கீரை, கேழ்வரகுக் கூழ், சுண்டல், கொய்யா, தேங்காய்ச் சட்னி வேண்டாம். கோஸும் வெங்காயமும் சேர்வதால் அத்தோவும் (பர்மா நூடுல்ஸ்) வேண்டாம். இட்லி, வெள்ளைச் சோறு, வடிகட்டிய ரசம், மோர், முட்டை, சங்கரா மீன் தாராளமாகச் சாப்பிடலாம். குழம்பில் கிடக்கும் தக்காளித் தோலையும் கறிவேப்பிலையையும் ஒதுக்கிவிடுங்கள்.

அயோடின் மருந்திலும் சில வகை வயிற்றை இளக்கும், சிலருக்குப் பேதியே ஆகலாம். ஸ்கேன் அறையில் ஆசனவாய் வழியாகக் காற்றோ கார்பன் டை ஆக்ஸைடோ ஏற்றுவது இரண்டு முறைக்கும் பொது.

பேதி இல்லாத முறையில் குறையும் உண்டு. 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 605 பேரில், 10 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட அடினோமா (புற்றுநோயாக மாறக்கூடிய வகை) பாலிப் உள்ளவர்களில் 91 சதவீதத்தினரை இந்த முறை கண்டுபிடித்தது. கொலோனோஸ்கோப்பி 95 சதவீதம். எல்லையை 6 மி.மீ.க்கு இறக்கினால் இந்த முறை 59 சதவீதம், கொலோனோஸ்கோப்பி 76 சதவீதம். சின்னதும் தப்பக்கூடாது என்கிறவர்களுக்கு இது சரிவராது.

பாலிப் தெரிந்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலோ வேறெங்கோ கொலோனோஸ்கோப்பிக்கு நாள் வாங்கி, அதற்குப் பேதி மருந்து குடித்தே தீர வேண்டும். பேதி எடுத்து வந்தவருக்கு, வசதியுள்ள இடத்தில் அன்றைக்கே கொலோனோஸ்கோப்பி செய்து பாலிப்பை எடுத்துவிடலாம்.

பணம் கட்டும் முன் சென்டரில் கேட்டுவிடுங்கள்: மலத்துக்கு நிறமேற்றும் முறை உண்டா? எந்த மருந்து? அயோடின் அலர்ஜி, தைராய்டு கோளாறு இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.