ஐந்து லிட்டர் ஜாடி போதும்: மாணவப் பருவத்தில் பீர் தயாரித்த அனுபவம்

சட்டப்படி குடிக்கும் வயது வந்ததும் ஆரம்பித்தேன், படிப்பு முடியும்வரை விடவில்லை. அந்தக் காலம் முழுக்க எந்தச் சாமான் உழைத்தது, எது கட்டிலுக்கடியில் தூங்கியது என்று எழுதலாமென்று தோன்றியது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாணவராக இருக்கும்வரை ஐந்து லிட்டரைத் தாண்டாதீர்கள்.

விற்பனைக்கு வரும் கிட்டுகள் பெரும்பாலும் 19 அல்லது 23 லிட்டர் கணக்கில்தான் இருக்கும். அவ்வளவையும் கொதிக்கவைக்கப் பெரிய அடுப்பு வேண்டும், கொதித்ததைச் சீக்கிரம் ஆறவைக்கச் செம்புச் சுருள் வேண்டும். ஐந்து லிட்டருக்கோ பகிர்ந்துகொள்ளும் சமையலறையில் கிடைக்கிற பாத்திரமே போதும். ஐஸ் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் இறக்கிவைத்தால் அரை மணி நேரத்தில் ஈஸ்ட் போடும் சூட்டுக்கு வந்துவிடும். இன்னொன்று, 23 லிட்டர் என்றால் 330 மி.லி. பாட்டிலில் ஏறக்குறைய எழுபது. சுமாராக வந்துவிட்டால் அத்தனையையும் யார் குடிப்பது?

இதில் உண்மையான சவால் வெப்பநிலைதான். ஏல் என்ற பீர் வகைக்கான ஈஸ்டுகளில் பெரும்பாலானவை 18 முதல் 20 டிகிரி செல்சியஸில் ஒழுங்காக வேலை செய்யும். நொதிக்கும்போது ஈஸ்ட் தானே சூட்டைக் கிளப்பும் என்பதால் ஜாடிக்குள் இருப்பது அறையைவிட ஓரிரு டிகிரி கூடவே இருக்கும். முதல் மூன்று நாள் சூடு ஏறினால் கரைப்பான் மாதிரி ஒரு காட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் எத்தனை வாரம் வைத்திருந்தாலும் லேசில் போகாது. நான் ஜாடியை அகலமான தண்ணீர்த் தொட்டியில் வைத்து, பழைய டி-ஷர்ட்டை மாட்டி, அதன் விளிம்பு நீரில் நனையும்படி விட்டு, மின்விசிறியைத் திருப்பிவைப்பேன். காற்றில் ஈரப்பதம் குறைவாக இருந்தால் சில டிகிரி இறங்கும். புழுக்கமான நாட்களில் இந்த வித்தை பலிக்காது. அப்போதெல்லாம் க்வெய்க் ஈஸ்ட்தான் கைகொடுத்தது. நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த இனம் இது, 35 டிகிரியிலும் அசராது. சுவை எல்லா பீருக்கும் பொருந்தாது என்பது வேறு விஷயம்.

அதிகம் உழைத்த கருவி ஹைட்ரோமீட்டர், தண்ணீரோடு ஒப்பிட்டுத் திரவத்தின் அடர்த்தியைக் காட்டுவது. சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற அளவு இறங்கும். தொடக்கத்தில் 1.050, முடிவில் 1.012 காட்டினால் வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட 5 சதவீத ஆல்கஹால். ஆனால் அதன் அருமை தெரிவது பாட்டிலில் அடைக்கும்போதுதான். வாயுவை வெளியே மட்டும் விடும் மூடியான ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது என்பதற்காக நொதித்தல் முடிந்துவிட்டதாக நம்பக்கூடாது. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் மாறாமல் இருந்தால்தான் அடைக்கலாம். மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் நொதித்தால் கண்ணாடி வெடிக்கும். நுரைக்காகச் சேர்க்கும் சர்க்கரையும் லிட்டருக்கு 6, 7 கிராமைத் தாண்ட வேண்டாம். ஒரே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலையாவது கூடவே நிரப்பி வையுங்கள், அமுக்கிப் பார்த்தாலே அழுத்தம் தெரிந்துவிடும். ஹைட்ரோமீட்டரின் குறை, ஒவ்வொரு சோதனைக்கும் 100 மி.லி. அளவுக்குத் தின்றுவிடும். ஐந்து லிட்டரில் அது வலிக்கும். ஒளி விலகலை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டருக்கு இரண்டு சொட்டு போதும், ஆனால் ஆல்கஹால் உருவான பிறகு அது காட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, திருத்தக் கணக்கு போட வேண்டும்.

நேரத்தில் பாதிக்கு மேல் கழுவுவதிலேயே போகும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அலச வேண்டாத அமில வகைக் கிருமிநாசினி வாங்குங்கள். வீட்டு பிளீச்சும் வேலை செய்யும், நன்றாக அலச வேண்டும். அமிலத்தோடு மட்டும் அதைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். கீறல் விழுந்த பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிப் போடுங்கள், கீறலில் ஒளிந்த கிருமியை எந்த மருந்தும் எளிதில் தொடாது.

சிறிய அளவின் இன்னொரு லாபம் சோதனை. ஒரே வோர்ட்டை, அதாவது ஈஸ்ட் போடுவதற்கு முந்தைய இனிப்பான தானியச் சாற்றை, இரண்டு ஜாடியில் பிரித்து வெவ்வேறு ஈஸ்ட் போட்டு, நண்பர்களுக்கு மூன்று கோப்பை ஊற்றிக் கொடுப்பேன். இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. வேறான கோப்பை எது என்று சொல்ல வேண்டும். பல நேரம் யாருக்கும் தெரியாது, எனக்கும்தான்! புள்ளியியல் வகுப்பில் படிக்கும் ஸ்டூடன்ட் டி-சோதனையைத் தந்தவரே கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட்தான். 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். சிறிய மாதிரிகளை வைத்து எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் அவர் கேள்வியும்.

மலிவாகக் குடிக்கலாம் என்று இதில் இறங்கினால் ஏமாற்றம்தான், கருவிச் செலவு மெதுவாகத்தான் ஈடாகும். விடுதி விதிகளையும் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நொதிக்க வைப்பதற்கு அனுமதி இருக்கும் இடங்களிலும், உரிமமின்றிச் சாராயம் காய்ச்சி வடிப்பது பெரும்பாலும் குற்றம்.

இப்போது தனி வீடு, இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பெரிய பாத்திரம் வாங்கவில்லை. வாங்கியது ஒரு பழைய ஃபிரிட்ஜும், அதை 18 டிகிரியில் நிறுத்த ஒரு தெர்மோஸ்டாட்டும்.