வாதநோய் டாக்டரிடம் காப்பீட்டு அட்டை செல்லுமா? நாலு வருட அனுபவம்

அம்மை 23 வருடம் அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புக்குத் தொலி உரித்தவள். 2021 மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் காப்பி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தூக்கினாள். “விரல் மடங்கமாட்டேங்கு மக்களே” என்றாள். பத்து மணிக்கு மேல் விரல்கள் தாமாக இளகிவிடும். அதனால் வேலைக்கும் போய்க்கொண்டுதான் இருந்தாள். குளிர், வயது, ஒரே இடத்தில் குந்தியிருப்பது என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னோம்.

எங்கள் பக்கம் மூட்டு வலி என்றால் முதலில் வர்ம ஆசான், அப்புறம் எலும்பு டாக்டர். இரண்டையும் பார்த்தோம். ஏழு மாதம் எண்ணெயிலும் வலி மாத்திரையிலும் போயிற்று. கடைசியில் அரசு மருத்துவமனை பொது மருத்துவ ஓபியில் ஒரு இளம் டாக்டர் அம்மையின் விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். “காலையில விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கும்?” என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. தேய்மான வலி வேலை செய்யச் செய்யக் கூடும், இது அசைய அசையக் குறைகிறது என்றார். முடக்குவாதமாக இருக்கலாம், ருமட்டாலஜி, அதாவது வாதநோய், டாக்டரிடம் காட்டுங்கள் என்று சீட்டில் எழுதினார்.

எங்களிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உண்டு. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை என்பதால் பயமே இல்லாமல் கிளம்பினேன். நாகர்கோவிலில் திட்டத்தில் சேர்ந்த ஒரு தனியார் மருத்துவமனையில் காப்பீட்டு கவுண்டரைத் தேடிப் போய் “மூட்டு” என்று வாய் திறந்ததுமே, “மூட்டு மாத்தவா?” என்றார் அங்கிருந்த பெண். இல்லை, டாக்டரைப் பார்க்கணும் என்றேன். “அட்மிஷன் இருந்தா வாங்க. ஓபிக்கு அட்டை கிடையாது.” அடுத்து போன இரண்டு இடத்திலும் இதே கதைதான். இன்னோரிடத்தில் ருமட்டாலஜி என்பதை நரம்பு டாக்டர் பார்க்கும் நியூராலஜி என்று எடுத்துக்கொண்டு டோக்கனே போட்டுவிட்டார்கள்.

ஒரு மாதம் அலைந்த பிறகுதான் உறைத்தது, நான் கேட்ட கேள்வியே தப்பு என்று. அட்டையை ஏற்கிற வாதநோய் டாக்டர் யார் என்று தேடிக்கொண்டிருந்தேன். அந்த அட்டை படுத்துப் பார்க்கும் சிகிச்சைக்கும் அறுவைக்கும் உரியது. அம்மையின் நோயோ மாதாமாதம் நடந்துபோய்ப் பார்க்கும் நோய். மருந்தும் ரத்தப் பரிசோதனையும் ஆயுளுக்கும் தொடரும், படுக்கை மட்டும் தேவைப்படாது. இதைக் கவுண்டரில் யாராவது ஒரு நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் ஒரு மாத பஸ் காசு மிச்சம்.

சரி, அப்புறம் என்ன செய்தோம்? திருவனந்தபுரத்திலிருந்து மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை இங்கே வந்து போகிற டாக்டர் ஒருவர் கிடைத்தார். பெயர்ப்பலகையில் வாதநோய்க்கென்றே படித்த பட்டமான டி.எம். ருமட்டாலஜி என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். ஏழு மாதப் பாடம் அது. முதல் முறை ஃபீஸ், முடக்குவாதத்தைக் கண்டுபிடிக்கும் ஆன்டி சிசிபி ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் கைக்காசு. ஆன்டி சிசிபி மட்டுமே ஆயிரத்தைத் தாண்டியது. முடக்குவாதம் உறுதியானது. கிளம்பும்போது நான் தயங்கித் தயங்கி, எங்களால் மாதாமாதம் இங்கே வர முடியாது, அரசு ஓபியில் தொடர முடியுமா என்று கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. என்ன மருந்து, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை எந்தப் பரிசோதனை, எந்த அளவு தாண்டினால் நிறுத்த வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதித் தந்தார். அந்தத் தாளை அம்மையின் நோட்டில் ஒட்டியிருக்கிறோம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஓபியில் அதைப் பார்த்து மருந்தும் ரத்தப் பரிசோதனையும் தொடர்கிறார்கள். திருவனந்தபுரம் டாக்டரிடம் இப்போது நாலு மாதத்துக்கு ஒருமுறைதான் போகிறோம்.

மருந்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகணும். அம்மைக்கு எழுதிய மெத்தோட்ரெக்சேட், முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு ஒரே நாள் போடும் மாத்திரை. தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. ஒரு முறை வெளியே மருந்துக்கடையில் வாங்கியபோது கவரின் மேல் பழக்க தோஷத்தில் ‘காலை 1, இரவு 1’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நல்லவேளை, அம்மைக்கு அது ‘ஞாயித்துக்கிழமை மாத்திரை’. பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, 2.5 மில்லிகிராம் மாத்திரை ஆறு. மறுநாள் ஃபோலிக் ஆசிட். கவரை என்னிடம் நீட்டி, “இவன் என்னைக் கொல்லப் பாக்கான்” என்றாள். கூடவே ஹைட்ராக்சி குளோரோகுயினும் இருப்பதால் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை. அதுவும் அரசு கண் பிரிவில்தான்.

அட்டை வீண் என்று சொல்ல மாட்டேன். 2023இல் சளி முற்றி நிமோனியாவாகி அம்மையைச் சேர்க்க வேண்டியிருந்தபோது, அரசு மருத்துவமனையிலேயே அட்டையைக் கேட்டு வாங்கிப் பதிந்துகொண்டார்கள். ஒன்பது நாள் படுக்கை, கையிலிருந்து போனது சாப்பாடும் ஆட்டோவும் மட்டும். முடக்குவாதக்காரர்களுக்கு இப்படிப் படுக்க வேண்டிய நாள் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் அட்டை இல்லாதவர்கள் எடுத்து வையுங்கள். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் வேண்டும். நாங்கள் சான்றுக்கு இ-சேவையில் விண்ணப்பித்துவிட்டு, கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் போட்டோ எடுத்தோம். யாருக்குச் சிகிச்சையோ அவர் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மகன் வீட்டில் இருக்கும் தாயின் பெயர் மகள் வீட்டுக் கார்டில் கிடப்பதெல்லாம் நம் ஊரில் சகஜம்.

ஓரிருவர் கேரளத்துக்கே போய்விடலாமே என்றார்கள். அங்கே விசாரித்த ஒரு தனியார் மருத்துவமனையில் எங்கள் அட்டையைத் திருப்பித் தந்துவிட்டார்கள். மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவதே அம்மைக்கு இரண்டு நாள் வலி.

கடைசியாகப் போன சனிக்கிழமை டாக்டர் அந்த ஞாயித்துக்கிழமை மாத்திரையை ஆறிலிருந்து நாலாகக் குறைத்தார். இடது கை மோதிர விரல் கொஞ்சம் கோணியது கோணியதுதான், அது திரும்பாது. அண்டியாபீஸுக்குத் திரும்பப் போகலாமா என்று அம்மை கேட்டாள். டாக்டர் எழுதிக்கொண்டே, “முதல்ல காப்பி டம்ளரை ஒரு கையில பிடிங்க” என்றார். மேசையில் இருந்த அவருடைய டம்ளரையே எடுத்துப் பிடித்துக் காட்டினாள்.