"டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி 65,000 ரூபா வாங்கினார்கள்: ஹட்டன் பக்கம் ஒஃபிஸ் வைத்திருப்பவர்கள் கவனம்

கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 65,000 ரூபா கொடுத்து, ஒரு மாதக் கணக்கைத் துடைத்து வாங்கியிருக்கிறோம்.

சிறுதோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கி பெக்டரிக்கு அனுப்பும் இடம் எங்களுடையது. நிறுவைத் துண்டு, அட்வான்ஸ், உரத்துக்குப் பிடித்த காசு, லொறிக் கூலி, சம்பளம், ஈ.பி.எஃப் எல்லாம் ஒரே மென்பொருள், அடியில் எஸ்.கியூ.எல் சேர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருள், கணக்கெல்லாம் அதில்தான் சேரும். புது வேர்ஷன் போட்டதும் சம்பளப் பகுதி திறக்க மறுத்தது. டவுனில் கம்ப்யூட்டர் விற்று ரிப்பேரும் பார்க்கும் ஒரு கடையிலிருந்து ஆள் வந்தார். "சின்ன வேலை சேர். ரெஸ்டோர் பொயின்டுக்குப் போனா பழையபடி வந்துரும். டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது." அந்தக் கடைசி வார்த்தையை நம்பித்தான் சேர்வர் பாஸ்வேர்ட் அவர் கைக்குப் போனது.

விண்டோஸின் ரெஸ்டோர் பொயின்ட் சிஸ்டம் ஃபைல், ரெஜிஸ்ட்ரி, போட்ட புரோகிராம் இவற்றைத்தான் பின்னுக்குக் கொண்டுபோகும். இவர் செய்தது அதுவல்ல. முதலாம் திகதி எடுத்த ஃபுல் பேக்கப்பை ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் மேலேயே ஏற்றிவிட்டார். எங்கள் டேட்டாபேஸ் ஃபுல் ரிகவரி மொடலில் இருந்தது, அதாவது ஒவ்வொரு மாற்றமும் லொக் என்ற பதிவு ஃபைலில், அது பேக்கப் ஆகும்வரை நிற்கும். அப்படியிருந்தால் சேர்வர் சும்மா விடாது. லொக்கின் கடைசிப் பகுதி இன்னும் பேக்கப் ஆகவில்லை என்று 3159ஆம் இலக்க எரர் காட்டி நிறுத்தும். அதையும் தாண்ட ஒரு வழி இருக்கிறது: "இருக்கும் டேட்டாபேஸின் மேல் எழுது" என்ற கட்டத்தில் ஒரு டிக். அதைத்தான் போட்டிருக்கிறார்.

வயிறு எரிவது இதற்குத்தான். முதலாம் திகதிக்குப் பிறகு ஏறிய ஒவ்வொரு நிறுவையும் லொக் ஃபைலில் அப்படியே கிடந்தது. முதலில் லொக்கை நோரிகவரி (டேட்டாபேஸைத் திறக்காமல், அடுத்ததை ஏற்றக் காத்திருக்க வைப்பது) என்று பேக்கப் எடுத்து, பிறகு அந்த ஃபுல் பேக்கப்பை நோரிகவரியில் ஏற்றி, அதன் மேல் லொக்கை ஏற்றும்போது ஸ்டொப்அட் என்று அப்டேட் போடுவதற்கு ஒரு நிமிடம் முந்திய நேரத்தைக் கொடுத்திருந்தால் போதும். டேபிள்கள் பழைய அமைப்பில், கணக்கு முழுவதும் கையில், பழைய வேர்ஷன் புரோகிராமும் பேசாமல் ஓடியிருக்கும். ஒரு டிக்கில் எல்லாம் போச்சு.

பிறகு ஃபோன் அடித்தால், "கரண்ட் போய் வந்ததில கரப்ட் ஆயிருக்கும் சேர்" என்றார்கள். பின்னேர இடியும் கரண்ட் வெட்டும் இங்கே வழக்கம்தான், ஆனால் கரண்ட் போனால் டேட்டாபேஸ் ஒழுங்காக முதலாம் திகதிக்குப் போய் உட்காருமா? எஸ்.கியூ.எல் சேர்வர் தன் சொந்தப் பதிவுக்கு வைத்திருக்கும் எம்.எஸ்.டி.பி டேட்டாபேஸில் ரெஸ்டோர்ஹிஸ்டரி என்றொரு டேபிள் இருக்கிறது. எந்த நேரம், எந்த யூசர், மேலெழுதினாரா என்று எல்லாம் அதில் விழும். அவர் உட்கார்ந்திருந்த அதே நேரம், ரீப்ளேஸ் கொலத்தில் 1, அதாவது மேலெழுதியிருக்கிறார். அந்த ஸ்கிரீன்ஷொட்டை அனுப்பியதும் பேச்சு மாறியது: "சொஃப்ட்வெயார் கம்பனியக் கேளுங்க." அவர்களோ, வெளியாள் கை வைத்தால் பொறுப்பில்லை என்கிறார்கள். கடை முதலாளி கடைசியாகச் சொன்னது, பில்லில் "சேர்வர் சேர்விஸ்" என்றுதான் இருக்கிறதாம், டேட்டாவைப் பற்றி ஒன்றும் இல்லையாம். 65,000 ரூபாவுக்கு இரண்டு சொல்லில் பில்!

இழப்பு அதோடு நிற்கவில்லை. கையால் கொடுத்த அட்வான்ஸ் கணக்கில் இல்லை. பேங்குக்குப் போன கொடுப்பனவு சிஸ்டத்தில் "கொடுக்கவில்லை" என்று நிற்கிறது. கவனிக்காமல் ஓட்டினால் ஒரே ஆளுக்கு இரண்டு தரம் காசு போகும். எல்லாவற்றையும்விட மோசம் இலக்கம். ஏற்கெனவே வெளியே போன பில் இலக்கங்களையே மென்பொருள் திரும்பவும் கொடுக்க ஆரம்பித்தது. இப்படிப் பழைய நிலைக்குப் போன சேர்வரைத் திறக்குமுன் அடுத்த பில் இலக்கத்தைக் காகிதத்தில் உள்ள கடைசி இலக்கத்துக்கு மேலே தள்ளி வையுங்கள்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், ஆனால் நிறுவைத் துண்டுகளைத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கிறது. அவசரத்துக்கு இவ்வளவு:

யாரையும் சேர்வரில் கை வைக்க விடுமுன் எஸ்.கியூ.எல் சேர்விஸை நிறுத்தி, எம்.டி.எஃப் (டேட்டா ஃபைல்), எல்.டி.எஃப் (லொக் ஃபைல்) இரண்டையும் வெளி டிஸ்க்கில் கொப்பி எடுங்கள். ரெஸ்டோர் செய்வதானால் வேறு பெயரில், வேறு ஃபைலில். கடைசி நிறுவையின் திகதியைப் பார்த்த பிறகுதான் மற்றது. எஸ்.கியூ.எல் சேர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் எடிஷனில், நேரத்துக்கு வேலைகளைத் தானாக ஓட்டும் ஏஜென்ட் கிடையாது, பேக்கப் தானாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால் டாஸ்க் ஷெடியூலரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வேர்ச்சுவல் மெஷின் ஸ்னாப்ஷொட்டை (கம்ப்யூட்டருக்குள் ஓடும் கம்ப்யூட்டரின் ஒரு நேர நிலையைப் பிடித்து வைப்பது) பேக்கப் என்று விற்க வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். காசு கொடுக்குமுன், எந்தத் திகதி நிலைக்குப் போகிறார், அதற்குப் பிந்திய பதிவுகள் என்ன ஆகும் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதுகிறேன், தொலைபேசி 1977. 65,000 ரூபா பில்லும் அந்த ஸ்கிரீன்ஷொட்டும் கூடவே போகும்.