சாடைப் பேச்சும் ப்ளூ டிக்கும்: வாட்ஸ்அப் எவ்வளவு ஒத்துவரும்?

‘பார்க்கலாம்’, ‘உங்க இஷ்டம்’, ‘பரவாயில்ல விடுங்க’. நேரில் இவற்றுக்குப் பொருள் தருவது குரலும் முகமும். வாட்ஸ்அப்பில் இரண்டும் இல்லாததால், செயலி காட்டும் குறிகளை வைத்தே மனசைப் படிக்கப் பார்க்கிறார்கள். இதில் எல்லாரும் அதிகம் நம்பும் வசதிதான் அதிகம் ஏமாற்றுகிறது.

2014-இல் வந்த ப்ளூ டிக்கைச் சொல்கிறேன். அரட்டை திறக்கப்பட்டது என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. திறந்தவர் யோசிக்கிறாரா, எரிச்சலில் இருக்கிறாரா, பஸ் ஏறும் அவசரமா? நோட்டிஃபிகேஷனிலேயே படித்து முடித்தவருக்கோ டிக் சாம்பல் நிறத்திலேயே நிற்கும். ஒற்றை டிக்கைப் பார்த்ததும் ‘பிளாக் பண்ணிட்டாங்க’ என்று முடிவுகட்ட வேண்டாம். போன் அணைந்திருந்தாலும் நெட் இல்லாவிட்டாலும் அதேதான். குழுவில் எல்லாரும் படித்த பிறகே நீலமாகும். யார் படித்தார் என்று பார்க்க, செய்தியை அழுத்திப் பிடித்து ‘இன்ஃபோ’வைத் திறக்க வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் பிரைவசி அமைப்பில் ப்ளூ டிக்கை அணைத்துவிடலாம். ஆனால் பிறர் படித்தது நமக்கும் தெரியாது. குழுக்களிலும் வாய்ஸ் மெசேஜிலும் அந்த அமைப்பு செல்லாது.

கட்டைவிரல் ரியாக்‌ஷன் இன்னும் மோசம். ‘சரி’யா, ‘படித்தேன்’னா, ‘போதும், நிறுத்து’வா? ‘இன்றா, நாளையா?’ என்ற கேள்விக்குக் கட்டைவிரல் வந்தால் சிரிப்பதைத் தவிர வழியில்லை. அழித்த செய்தியும் சும்மா போவதில்லை. ‘நீக்கப்பட்டது’ என்ற வரி மிஞ்சி, அது தனியாக ஒரு சந்தேகத்தைக் கிளப்பும். எழுத்துப் பிழையென்றால் 15 நிமிடத்துக்குள் திருத்துவதே மேல்.

உண்மையில் உதவுவது இரண்டு வசதிகள். ஒன்று, புரியாத வரியை வலப்பக்கம் இழுத்து அதற்கே பதில் எழுதுவது. ‘என்ன சொல்ல வர்றீங்க?’ என்று கேட்டால் சண்டை போலத் தொனிக்கும். ‘சனிக்கிழமை வர்றீங்களா, அடுத்த வாரமா?’ என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

மற்றொன்று வாய்ஸ் மெசேஜ். எழுத்தில் வைத்த கிண்டல், எழுதியவர் நம்பும் அளவுக்குப் போய்ச்சேர்வதில்லை என்று உளவியல் ஆய்வாளர்கள் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி குழுவினர் 2005-இல் மின்னஞ்சலை வைத்துக் காட்டினார்கள். குரலில் அந்தச் சிக்கல் குறைவு. ஆனால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்டால், ‘வரலாம்...’ என்பதில் இருந்த இழுப்பு, அதாவது ‘வரமாட்டேன்’, காதில் விழாமலே போய்விடும்.